அக்கா கேட்ட ஒரு கேள்வியும் ஊர் வாங்காத வரியும்

அக்கா மறைந்து இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு கோர்ட்டில் வேலை செய்தவர்களுக்கும், வக்கீலாக அக்கா வழக்கு நடத்திக் கொடுத்த கட்சிக்காரர்களுக்கும் இந்தத் தம்பியின் வணக்கம். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பூதப்பாண்டியில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. மேடையில் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நான் நினைவு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கோபப்படாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். பல வருடங்களாக எங்கள் வாசலை மிதிக்காதவர்கள். என் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். செயலாளர்தான் பேசினார்.

“வே, இந்த வருசம் கொடைக்கு ஒம்ம வீட்டு வரியை வாங்கிருகோம். பழசு எல்லாத்தையும் மறந்திருவோம். அக்காவும் போய்ச் சேந்தாச்சு. இனி யாருக்கு யாரு மேல வருத்தம்?”

நான் டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“மலர் போடுகதாக் கேள்விப்பட்டோம். நல்லாப் போடும். படிச்சது, பாஸ் பண்ணுனது, ஏழைகளுக்கு ஒதவுனது எல்லாம் எழுதும். அந்தக் காப்பு விஷயம் மட்டும் வேண்டாம், கேட்டீரா? நம்ம தலைவர் அண்ணாச்சிக்கு வயசாச்சு. பாவம்.”

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கொடை என்பது எங்கள் அம்மன் கோயிலின் வருடத் திருவிழா. ஊரில் ஒவ்வொரு குடும்பமும் அதற்கு வரி கொடுக்க வேண்டும். ஒரு வீட்டு வரியை வாங்காமல் விட்டால் அந்த வீடு ஊரில் இல்லை என்று அர்த்தம். ஒரு திருட்டு வழக்கில் முருகேசன் என்பவருக்காக அக்கா வாதாடிய பிறகு எங்கள் வீட்டு வரியை ஊர் வாங்கவில்லை.

மூன்று பேரும் டீயைக் குடித்துவிட்டு, நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். நான் பேசாமல் இருந்தால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இந்தக் கட்டுரை.

அக்கா பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பிறந்தார். அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் வயல் இருந்தது, அதோடு பிறர் வயலைப் பாட்டத்துக்கும் எடுத்துப் பயிர் செய்தார். பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வாத்தியாரின் பேனா காணாமல் போனது. கடைசிப் பெஞ்சில் இருந்த ஒரு பையனைப் பிடித்து அவர் அடித்தார். அக்கா எழுந்து, “நீங்க பாத்தீங்களா சார்?” என்று கேட்டார். அக்காவுக்கும் அடி விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டே திட்டினார்.

“ஏட்டி, ஊரான் பிள்ளைக்க வழக்கு ஒனக்கு எதுக்குட்டி?”

“அவன் எடுத்ததை யாரும் பாக்கல்லியே அம்மா.”

“எடுக்காததையும் நீ பாக்கல்லியே!”

“அதான் அடிக்கப்பிடாதுன்னு சொன்னேன்.”

அக்கா பிற்காலத்தில் செய்த வக்கீல் வேலை முழுவதும் இந்தப் பேச்சில் அடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

நாகர்கோவிலில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, அக்கா திருநெல்வேலியில் சட்டம் படித்தார். அதற்காக அப்பா ஒரு வயலை விற்றார். எங்கள் தாய்மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. “பொட்டப்பிள்ளைக்கு வக்கீல் படிப்பு எதுக்கு அத்தான்? நாளைக்கு மாப்பிள்ளைக்காரன்கிட்டயே வாதாடுவா” என்றார். “வாதாடட்டும். அவன் சரியாப் பதில் சொல்லட்டும்” என்றார் அப்பா. அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

அக்காவின் ஆபீஸ் நாகர்கோவில் வடசேரியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருந்த சின்ன அறை. படி ஏறி வந்தவர்கள் பெரும்பாலும் மற்ற வக்கீல்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள். கடற்கரையில் போராட்டம் செய்து கைதான மீனவர்கள் வந்தார்கள். மலையை உடைத்து லாரியில் ஏற்றுவதை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்த பையன்கள் வந்தார்கள். புருஷனுக்கு விஷம் வைத்தாள் என்று பேப்பர்காரர்களே தீர்ப்பு எழுதி முடித்துவிட்ட ஒரு தக்கலைப் பெண்ணும் வந்தார். அக்கா யாருக்காக ஆஜரானாரோ அவர்கள் மேல் சொன்ன குற்றம் அக்கா மேலும் ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சொந்தக்காரர்கள்தான் பேசினார்கள். ஒரு கல்யாண வீட்டில் முறைக்கு அத்தான் ஆகிற ஒருவர், பந்தியில் எல்லோரும் கேட்கும்படி, “என்ன வக்கீலம்மா, இன்னைக்கு எந்தக் கள்ளனுக்கு ஜாமீன்?” என்றார்.

“ஒங்களுக்குத்தான் அத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். நீங்க இன்னும் மாட்டல்லியே” என்றார் அக்கா. பந்தியே சிரித்தது. அவர் மட்டும் பாயசம் குடிக்காமல் எழுந்து போனார்.

இனி அந்தக் காப்பு விஷயம்.

ஒரு வருடம் கொடைக்கு முன்னால் அம்மன் நகைப் பெட்டியைத் திறந்தபோது நகைகள் இல்லை. ஊர் கொதித்தது. நானும் கொதித்தேன். சின்னப் பிள்ளையில் அம்மா இடுப்பில் இருந்து பார்த்த நகைகள் அவை. முருகேசன் என்பவர் சைக்கிளில் பழைய இரும்பும் பாட்டிலும் வாங்க எங்கள் ஊருக்கு வருவார். அவருடைய ஆட்கள் ஊருக்கு வெளியே குளத்தங்கரையில் குடியிருந்தார்கள். சுற்று வட்டாரத்தில் எங்கே திருட்டு நடந்தாலும் போலீஸ் ஜீப் முதலில் அங்கேதான் போகும். இந்தத் தடவையும் போனது. முருகேசனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அம்மன் சங்கிலியைத் தூரத்தில் கடற்கரையிலுள்ள வட்டக்கோட்டைக்குக் கீழே மணலிலிருந்து தோண்டி எடுத்துக் கொடுத்தார் என்று பேப்பரில் வந்தது. எப்படி ஒப்புக்கொண்டார் என்பதை அவருடைய வலது கையைப் பார்த்தால் தெரியும். இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்காது.

ஒரு வக்கீலும் வக்காலத்து போட முன்வரவில்லை. சாமி நகை. கட்சிக்காரரோ காசில்லாதவர். அவர் மனைவி பேச்சி பல ஆபீஸ் படிகளில் ஏறி இறங்கி, கடைசியில் பாத்திரக்கடை மாடிக்கு வந்தார். அன்று சாயங்காலம் அக்கா ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“மக்கா, நம்ம அம்மன் நகையில்லா” என்றார் அப்பா.

“நம்ம அம்மன் நகைதான் அப்பா. எடுத்தவனைப் பிடிக்கணுமா, கெடைச்சவனைப் பிடிச்சாப் போதுமா?”

“இந்த ஊர்ல நாங்க கெடக்கணும், அதையும் பாத்துக்கிடு” என்றார் அப்பா. செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. எங்கள் அப்பாவை ஊர் என்ன செய்தது என்பதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு நாகர்கோவில் கோர்ட்டில் நடந்தது. எங்கள் கோயில் தலைவர் முக்கிய சாட்சி. ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் மனிதர். வட்டக்கோட்டையில் முருகேசன் சங்கிலியைத் தோண்டி எடுத்தபோது கூடவே நின்று பார்த்ததாகச் சொல்லி, போலீஸ் எழுதிய மகஜர் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் சாட்சி சொல்லும் நாளில் ஊரிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். கோர்ட்டில் நிற்க இடம் இல்லை. நான் கதவுப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றேன். போலீஸ் தரப்பு வக்கீல் கேட்டதற்கெல்லாம் தலைவர் தடங்கலில்லாமல் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் போனோம், இன்னாரெல்லாம் இருந்தார்கள், சங்கிலி மணல் ஒட்டிக் கிடந்தது என்றெல்லாம் சொன்னார்.

பிறகு அக்கா எழுந்தார். நகையைப் பற்றியே கேட்கவில்லை.

“கொடைக்குக் காப்பு கட்டுகது ஒங்க குடும்பத்துக்க உரிமைதானே?”

தலைவர் நிமிர்ந்தார். “ஆமா. எங்க அப்பா காலத்திலேருந்து.”

“ஒரு வருசமாவது மொடங்கியிருக்கா?”

“மொடங்கினதே இல்ல.”

“காப்பு கட்டினவங்க என்னெல்லாம் விரதம் இருக்கணும்?”

மஞ்சள் தடவிய கயிற்றை மணிக்கட்டில் கட்டுவது, ஒரு நேரச் சாப்பாடு, பாயில் படுக்காதது எல்லாவற்றையும் அவர் பெருமையாகச் சொன்னார். வந்திருந்த எங்கள் ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள்.

“ஊர் எல்லை தாண்டலாமா?”

“தாண்டப்பிடாது. கொடை முடிஞ்சு காப்பு அவுக்குகது வரைக்கும் தாண்டப்பிடாது.”

“தாண்டுனா?”

“தெய்வக் குத்தம். ஊருக்கே ஆகாது.”

“நகை காணாமப் போன வருசம் காப்பு எப்போ கட்டுனீங்க?”

“வழக்கம்போல செவ்வாய்க்கிழமை.”

“எப்போ அவுத்தீங்க?”

“கொடை முடிஞ்சு, அடுத்த புதன்கிழமை.”

“நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை வருது. அன்னைக்குக் காலையில வட்டக்கோட்டைக்குப் போயிருக்கீங்க. வட்டக்கோட்டை நம்ம ஊர் எல்லைக்குள்ளயா இருக்கு?”

யாரோ சிரித்துவிட்டார்கள். உடனே நிறுத்தியும் விட்டார்கள். போலீஸ்காரர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்குக் காப்பு பற்றித் தெரியாது. தலைவருக்குக் காப்பு தெரியும், கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எந்த நாளை எழுதப் போகிறார்கள் என்று தெரியாது. பிறகு போலீஸ் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறார். அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேள்விக்குப் பதில் சொல்லும்படி நீதிபதி சொன்னார். தலைவர் நீதிபதியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்.

“நான் எல்லை தாண்டல்ல” என்றார்.

“அப்போ வட்டக்கோட்டைக்கு?”

“போகல்ல. ஏட்டு ஊருக்கு வந்து கையெழுத்து கேட்டாரு. போட்டேன்.”

அக்கா “அவ்வளவுதான்” என்று சொல்லி உட்கார்ந்தார். முருகேசன் விடுதலை ஆனார். அதற்குள் விசாரணைக் கைதியாக வருடக்கணக்கில் ஜெயிலில் கிடந்துவிட்டார். அந்தச் சங்கிலி யாருடையது, எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று போலீஸில் ஒருவரும் சொல்லவில்லை. பொய்ச் சாட்சி எழுதியவர்கள் மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. காணாமல் போன நகைகளை அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை. ஒரு மனிதன் கிடைத்தவுடன் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். உண்மையில் எடுத்தவன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு எங்கோ தூங்குகிறான். நம் ஊர்க்காரர்களே, அவன் மேல் உங்களுக்கு ஒரு நாளாவது கோபம் வந்ததா? கோபம் எல்லாம் அக்கா மேல்தானே வந்தது?

“சாமி காரியத்தைக் கோர்ட்டுக்கு இழுத்துட்டா” என்றார்கள். “அண்ணாச்சியை நாலு பேர் மத்தியில தலைகுனிய வச்சுட்டா” என்றார்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்தவர் தலைகுனியாமல் வேறு யார் குனிவது? அடுத்த கொடைக்கு அப்பா வரிப் பணத்தை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அப்பா நீட்டிய கையை யாரும் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பா பணத்தைத் திரும்ப வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வந்தார். பூசாரி எல்லோருக்கும் குங்குமம் கொடுத்துக்கொண்டே வந்து அம்மாவைத் தாண்டிப் போனார். அறுப்பு நேரத்தில் எங்கள் வயலுக்கு மட்டும் மெஷின் வராது. கேட்டால் ரிப்பேர் என்பார்கள். பக்கத்து வயலில் அது ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த வருடம் அப்பா இறந்தார். பாடை தூக்க ஊரிலிருந்து ஓர் ஆள் வரவில்லை. பிறகு அம்மாவும் அதே மாதிரிதான் போனார்.

இன்னொன்றும் எழுதுகிறேன். இது பலருக்குத் தெரியாது. சில வருடங்கள் கழித்து அதே தலைவரின் மகன் ஓர் அடிதடி வழக்கில் மாட்டினார். எதிர்த்தரப்பு செல்வாக்கானது என்பதால் மற்றவர்கள் தயங்கினார்கள். தலைவர் வடசேரிக்கு வந்து மாடிப்படி ஏறினார். அன்று நான் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அவர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா நாற்காலியைக் காட்டி, “இருங்க அண்ணாச்சி. மொதல்ல என்ன நடந்துன்னு சொல்லுங்க” என்றார். அவர் போன பிறகு நான் கேட்டேன்.

“இவருக்க மகனுக்கா ஆஜராகப் போறே?”

“ஆமா.”

“அப்பா நீட்டுன காசை வாங்காதவருல்லா அக்கா?”

“மக்கா, அந்தப் பையன் அடிச்சான்னு சொல்லுகாங்க. பாத்தவங்க யாருன்னு நான் கேக்கணும். அவன் அப்பன் யாருங்கது கேஸ்ல வராது.”

பையன் விடுதலையாகி வந்தார். அந்த வருடமும் எங்கள் வரியை வாங்கவில்லை. ஆபீஸில் வக்கீல் வேண்டும், ஊரில் அந்த வக்கீலின் வீடு வேண்டாம். அக்காவுக்குக் கோபம் வந்ததில்லை. வந்திருந்தால் எனக்கு இவ்வளவு வந்திருக்காது.

கடைசியில் அக்காவுக்கு நுரையீரலில் வியாதி வந்தது. வடசேரி அறையைக் காலி செய்துவிட்டு என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். படுக்கையிலும் கேஸ் கட்டுகள் இருந்தன. மூச்சு வாங்கும்போதுகூட ஜூனியர் பெண்ணைப் போனில் கூப்பிட்டு, “வாய்தா என்னைக்கு? சாட்சி வந்தாச்சா?” என்று கேட்பார். நான் போனைப் பிடுங்கி வைத்தால், “ஜெயில்ல கெடக்கவனுக்கு ஒரு நாளுன்னா ஒரு நாள்தான்லே” என்பார். ஒரு காலையில் கஞ்சி குடித்து முடித்ததும் போய்விட்டார்.

எங்கள் வழக்கப்படி கல்யாணமாகாத பெண் இறந்தால், உடல்மேல் போர்த்தும் புதுச் சேலையான கோடி தாய்மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும். மாமா இல்லை, மாமா மகன் இருக்கிறார். சொல்லி அனுப்பினேன். வருகிறேன் என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. எங்கள் ஊரோடு அவருக்கு வியாபாரம் உண்டு. கோடி இல்லாமல் எப்படி எடுப்பது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். அப்போது பேச்சியும் முருகேசனும் வாசலுக்கு வந்தார்கள். பேச்சி கையில் ஒரு புதுச் சேலை இருந்தது.

ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவியான என் சின்ன மைனி குறுக்கே நின்றார். “இது ஒறவுக்காரங்க போடுக கோடியில்லா. நீங்க போட முடியாது. அங்ஙன நில்லுங்க.”

“போடணும்னு வரல்ல தாயி. கால்மாட்டுல வச்சிட்டுப் போயிருகேன்” என்றார் பேச்சி.

நான் எழுந்தேன். “மாமன் வீட்டுல இருந்து வந்தாச்சு. வழி விடுங்க” என்றேன். அவ்வளவு பேர் முன்னால் நான் சத்தமாகப் பேசியது அன்றுதான். பேச்சி அந்தச் சேலையை அக்காவுக்குப் போர்த்தினார். ஜூனியர் வக்கீல்களும் கடற்கரையிலிருந்து வந்த இளைஞர்களும் முருகேசனும் நானும் தூக்கினோம்.

கமிட்டிக்கு என் பதில் இதுதான். அக்கா இருந்தபோது வாங்காத வரியை, அக்கா செய்ததை நான் மறைத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். அந்த விலைக்கு எனக்கு ஊர் வேண்டாம். கொடை அன்று கோயில் மைக்கில் விளக்குக்கும் மாலைக்கும் கொடுத்தவர்கள் பேரையெல்லாம் வாசிக்கிறீர்கள். அதே மைக்கில், அம்மன் நகையை முருகேசன் எடுக்கவில்லை என்று ஒரு தடவை சொல்லுங்கள். அன்றைக்கே நான் வரியோடு வருவேன். அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது என்று எனக்கும் தெரியும். முருகேசனுக்கும் வயதாகிவிட்டது.

அக்காவைக் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும் நன்றி. பாத்திரக்கடை முதலாளிக்கும், அக்காவின் வழக்குகளைக் கைவிடாமல் நடத்தும் ஜூனியர் பெண்ணுக்கும் நன்றி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அக்காவுக்கு எல்லாம் செய்த என் மனைவிக்கு நன்றி. கோடி கொண்டுவந்த பேச்சியக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இன்று வாசலில் நின்று இந்த மலரை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பதற்கு முருகேசன் அண்ணனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு விரல் நீட்டியபடி இருந்த கையை வாங்கும்போது பார்த்திருப்பீர்கள். அந்தக் கையிலிருந்து இதை வாங்கிக்கொண்ட எல்லோருக்கும் என் நன்றி.